இரண்டு பட்டங்கள், ஒரே வார்டு



அமெரிக்காவின் டி.ஓ. மருத்துவர்களை எம்.டி. மருத்துவர்களோடு ஒப்பிட்டுப் பேச வந்திருக்கிறேன். இந்தப் பேச்சு இங்கே எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்கு மகனோ மகளோ பேரப்பிள்ளையோ அந்த நாட்டில் இருக்கிறார்கள். அங்கே போய் நெஞ்சுவலி என்று மருத்துவமனையில் சேர்ந்தால், கட்டிலருகே வந்து நிற்கும் மருத்துவரின் சட்டையில் பெயருக்குப் பின்னால் டி.ஓ. என்று இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ‘இவர் முழு டாக்டரா, பாதி டாக்டரா?’ என்று காதோடு கேட்கும் தந்தையரும் உண்டு. ‘பேத்திக்கு எம்.டி. சீட் கிடைக்கவில்லை, டி.ஓ.தான் கிடைத்தது’ என்று தொலைபேசியில் குரலைத் தாழ்த்திச் சொல்பவர்களும் உண்டு. அந்தத் தாழ்ந்த குரலுக்கு 150 ஆண்டு வரலாறு இருக்கிறது.

முதலில் எழுத்துகளைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் ஊரில் எம்.டி. என்றால் எம்.பி.பி.எஸ். படித்து, அதன்மேல் மூன்றாண்டு படித்துத் தேறியவர். அமெரிக்காவில் எம்.டி. என்பது மருத்துவக் கல்லூரி தரும் முதல் பட்டம், நம் எம்.பி.பி.எஸ். நிற்கும் இடத்தில் அது நிற்கிறது. நம் ஊர்ப் பெயர்ப்பலகையில் டி.ஓ. என்று கண்டால் அவர் கண் மருத்துவத்தில் டிப்ளமோ பெற்றவர். அமெரிக்க டி.ஓ.வுக்கும் கண்ணுக்கும் சம்பந்தமில்லை. அது ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி தரும் பட்டம். அதைப் பெற்றவர் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் மருந்து எழுதலாம், அறுவை செய்யலாம், பிரசவம் பார்க்கலாம், மயக்க மருந்து கொடுக்கலாம். எம்.டி.க்கு உள்ள எந்த உரிமையும் அவருக்குக் குறைவில்லை. அமெரிக்க மருத்துவர்களில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினர் இந்தப் பட்டம் பெற்றவர்கள். இன்று மருத்துவக் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்களிலோ நான்கில் ஒருவருக்கு மேல் டி.ஓ. மாணவர். ஆகவே இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டில் அந்தச் சட்டைப் பட்டையை நீங்கள் இன்னும் அடிக்கடி பார்ப்பீர்கள்.

சட்டப்படி வேறுபாடு இல்லை என்றால் ஏன் இரண்டு பட்டங்கள்? அதற்கு மிசூரி மாநிலத்துக்கும் கன்சாஸுக்கும் போக வேண்டும்.

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1828இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். தந்தை மெதடிஸ்ட் போதகர். அக்காலத்து வழக்கப்படி மருத்துவமும் பார்த்தவர். கன்சாஸில் ஷானி பழங்குடி மக்களிடையே ஊழியம் செய்யப் போன தந்தையோடு மகனும் போய், பக்கத்திலிருந்தே மருத்துவம் பழகினார். எலும்புகளைப் படிக்கப் பழங்குடி மக்களின் கல்லறைகளைத் தோண்டினார் என்பதை அவரே தம் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். கூச்சமில்லாமல் சொல்லியிருக்கிறார் என்பதுதான் நமக்குச் சங்கடம். உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்குப் பணிசெய்தார். 1864இல் முதுகுத்தண்டு மூளைக்காய்ச்சல் அவர் வீட்டுக்குள் நுழைந்தது. மூன்று குழந்தைகள் இறந்தன. அழைத்து வந்த மருத்துவர்களால் ஒன்றும் ஆகவில்லை.

அன்றைய மருத்துவம் எப்படி இருந்தது என்று தெரிந்தால் அவருடைய கோபம் புரியும். கலோமெல் என்ற பாதரச உப்பை வாய்வழியே கொடுப்பார்கள். பல் ஆடி விழும், தாடை அழுகும். இரத்தம் வடிப்பார்கள். வாந்திக்கும் பேதிக்கும் மருந்து கொடுத்து நோயாளியை வதக்குவார்கள். அபின் தாராளம். கிருமிதான் நோய்க்குக் காரணம் என்பது அமெரிக்க மருத்துவர்களுக்குள் இன்னும் ஊறவில்லை. அந்தக் காலத்து நோயாளிக்கு மருத்துவர் வராமல் இருந்தாலே பிழைக்கும் வாய்ப்புக் கூடுதலாக இருந்திருக்கலாம். ஸ்டில் வந்து சேர்ந்த முடிவு: மருந்து வேண்டாம். உடலுக்கு வேண்டிய மருந்துகள் உடலிலேயே இருக்கின்றன. எலும்பும் தசையும் இடம் பிசகும்போது இரத்த ஓட்டம் தடைபடுகிறது, அதுவே நோய். கையால் பிசகைச் சரிசெய்தால் உடல் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். 1874 ஜூன் 22ஆம் நாள் இந்த எண்ணம் தமக்குத் தெளிந்ததாக அவர் குறித்துவைத்தார். கன்சாஸில் பால்ட்வின் என்ற ஊரில் பேக்கர் பல்கலைக்கழகம் அமைய அவர் குடும்பம் நிலம் கொடுத்திருந்தது. அங்கே போய்த் தம் கொள்கையை விளக்க இடம் கேட்டார், கொடுக்கவில்லை. ஊர் ஊராகப் போய் எலும்பு தட்டி வைத்தியம் செய்தார். நம் பக்கத்தில் புத்தூர்க் கட்டுக்கு ஆள் போவதுபோல அவரிடம் ஆள் வந்தது. 1875இல் மிசூரியின் கர்க்ஸ்வில்லில் குடியேறினார்.

பதினைந்து ஆண்டுகளில் அந்தச் சிற்றூருக்கு ரயில் நிறைய நோயாளிகள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கென்று விடுதிகள் எழுந்தன. 1892இல் அமெரிக்க ஆஸ்டியோபதிப் பள்ளி தொடங்கியது. எடின்பரோவில் படித்த வில்லியம் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் உடற்கூறு கற்பித்தார். முதல் வகுப்பிலேயே பெண்களும் இருந்தார்கள். அன்றைய பெரிய மருத்துவக் கல்லூரிகள் பல பெண்களுக்குக் கதவடைத்திருந்த காலம் அது. இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். அரசு கொடுத்த உரிமப்படி அந்தப் பள்ளி எம்.டி. பட்டமே கொடுத்திருக்கலாம். ஸ்டில் மறுத்துவிட்டார். தம் மாணவர்களுக்கு வேறு பட்டம்தான் வேண்டும் என்றார். பின்னால் ஒரு நூற்றாண்டு அவர் வழிவந்தவர்கள் பட்ட அவமானத்துக்கெல்லாம் வித்து, அந்தப் பெருமிதமான மறுப்பு.

மாநிலச் சட்டமன்றங்களில் போராட்டம் தொடங்கியது. 1896இல் வெர்மான்ட் முதலில் அங்கீகரித்தது. மறு ஆண்டு மிசூரி. 1901இல் நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் இதுபற்றி விசாரணை நடந்தபோது ஆஸ்டியோபதிக்காகப் பேச வந்தவர் யார் தெரியுமா? மார்க் ட்வைன். அவருடைய மகள் ஜீனுக்கு வலிப்பு நோய். பல வைத்தியம் பார்த்துச் சலித்தவர். என் உடலை யாரிடம் ஒப்படைப்பது என்பது என் உரிமை என்கிற வாதத்தை வைத்தார். வைத்தியம் பலிக்கிறதா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்தப் பள்ளிகளில் என்ன கற்பிக்கிறார்கள், எப்படிக் கற்பிக்கிறார்கள் என்ற கேள்வியைக் கேட்டவர் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர். 1910இல் கார்னிகி அறக்கட்டளைக்காக அமெரிக்கா, கனடா முழுவதும் 155 மருத்துவக் கல்லூரிகளைப் பார்த்து அவர் எழுதிய அறிக்கை மருத்துவக் கல்வி வரலாற்றில் ஒரு கத்தரிக்கோல். ஆஸ்டியோபதிப் பள்ளிகள் எட்டையும் பார்த்தார், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஆய்வகம் இல்லை, கற்பிக்க நோயாளிகள் இல்லை, கட்டணம் மட்டும் வாங்குகிறார்கள் என்று எழுதினார். அதே அறிக்கையால் பல எம்.டி. கல்லூரிகளும் மூடின என்பதை எம்.டி. தரப்பு எளிதில் மறந்துவிடும். ஆஸ்டியோபதிப் பள்ளிகளில் பெரும்பாலானவை மூடவில்லை. மெல்ல மெல்லத் திருந்தின. எப்படித் திருந்தின? ஸ்டில்லின் தடையை உடைத்துத்தான். அறுவை, பிரசவம், கிருமிநாசினி ஆகியவை தொடக்கத்திலேயே அங்கே உண்டு, மருந்தியல்தான் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. ஸ்டில் 1917 டிசம்பரில் இறந்தார். 1920களின் முடிவுக்குள் மருந்துகளும் பாடத்திட்டத்தில் முறைப்படி ஏறிவிட்டன. சல்ஃபாவும் பெனிசிலினும் வந்த பிறகு ‘மருந்து வேண்டாம்’ என்று சொல்ல மனச்சாட்சியுள்ள எந்த மருத்துவராலும் முடிந்திருக்காது. ஆசிரியர் மறைந்து பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் சீடர்கள் ஆசிரியரின் மையக் கொள்கையைக் கைவிட்டார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு மருத்துவ மரபு பிழைக்க அதுதான் வழி. 1895இல் அயோவாவின் டாவன்போர்ட்டில் டி.டி. பாமர் தொடங்கிய கைரோபிராக்டிக் அப்படி மாறவில்லை. அது இன்றும் முழு மருத்துவ உரிமம் இல்லாமல் தனியே நிற்கிறது. இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் அமெரிக்கர்களிலேயே ஏராளம்.

ஆனால் எம்.டி. தரப்பு இந்த மாற்றத்தைக் காண மறுத்தது. அமெரிக்க மருத்துவச் சங்கம் ஆஸ்டியோபதியை ஒரு ‘கல்ட்’, அதாவது குருட்டு நம்பிக்கைக் கூட்டம், என்றே வைத்திருந்தது. டி.ஓ.வோடு சேர்ந்து நோயாளியைப் பார்ப்பது எம்.டி.க்கு நெறி தவறிய செயல். மருத்துவமனைகளில் இடமில்லை. ஆகவே அவர்கள் மிச்சிகன், ஓஹையோ, பென்சில்வேனியா, மிசூரி என்று பல இடங்களில் தங்களுக்கென்று மருத்துவமனைகளைக் கட்டிக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ராணுவம் இவர்களை மருத்துவ அதிகாரிகளாக எடுக்கவில்லை. எம்.டி.க்கள் போர்முனைக்குப் போனதால் ஊரில் மிஞ்சிய மருத்துவர் டி.ஓ.தான். குடும்பங்கள் அவர்களிடம் போயின. போர் முடிந்தும் பல குடும்பங்கள் திரும்பவில்லை. அவமதிப்பதற்கென்று வைத்த விலக்கு அவர்களுக்கு நோயாளிகளைச் சேர்த்துக் கொடுத்தது!

1950களின் நடுவில் ஜான் கிளைன் தலைமையில் மருத்துவச் சங்கமே ஒரு குழுவை அனுப்பிக் கல்லூரிகளைப் பார்க்கச் சொன்னது. அன்று இருந்த ஆறு கல்லூரிகளில் ஐந்து, குழுவை உள்ளே விட்டன. இங்கே கற்பிக்கப்படுவது மருத்துவம்தான், ‘கல்ட்’ அல்ல என்று பெரும்பான்மை உறுப்பினர்கள் எழுதினார்கள். சங்கத்தின் பேரவை சிறுபான்மை அறிக்கையை ஏற்றுக்கொண்டது. பார்க்கச் சொல்லிவிட்டு, பார்த்ததை நம்பவில்லை.

இப்போது கலிபோர்னியாவுக்கு வருவோம். இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. மருத்துவப் பட்டம் என்றால் என்ன என்ற கேள்வி இவ்வளவு நிர்வாணமாக வேறெங்கும் எழுந்ததில்லை. 1961இல் அந்த மாநிலத்தின் ஆஸ்டியோபதிச் சங்கமும் மருத்துவச் சங்கமும் இணைய ஒப்பந்தம் செய்தன. லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஆஸ்டியோபதிக் கல்லூரி கலிபோர்னியா மருத்துவக் கல்லூரி ஆனது. இன்று அது அர்வைனில் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி. அந்தக் கல்லூரி, மாநிலத்தில் தொழில் செய்துகொண்டிருந்த டி.ஓ.க்கள் விரும்பினால் அவர்களுக்கு எம்.டி. பட்டம் கொடுத்தது. தேர்வு கிடையாது. கூடுதல் படிப்புக் கிடையாது. கட்டணம் 65 டாலர். சுமார் 2,000 பேர் வாங்கிக்கொண்டார்கள். கலிபோர்னியாவுக்கு வெளியே அந்தக் காகிதத்துக்குப் பெரிய மதிப்பில்லை. 1962 நவம்பரில் வாக்காளர்கள் 22ஆம் முன்மொழிவை நிறைவேற்றினார்கள், புதிய டி.ஓ.க்களுக்கு மாநிலத்தில் உரிமம் கிடையாது என்றாயிற்று.

ஆஸ்டியோபதியின் முடிவு நெருங்கிவிட்டதென்று பலரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. நேற்றுவரை ‘கல்ட்’ வைத்தியர் என்று நீங்கள் சொன்ன ஒருவர், 65 டாலர் கட்டிய மறுநாள் உங்கள் சங்க உறுப்பினர் ஆகிறார் என்றால், அவர் நேற்றும் நல்ல மருத்துவராகத்தானே இருந்திருக்க வேண்டும்? மற்ற மாநிலங்களின் டி.ஓ.க்கள் இந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 1974இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றமும் டி.ஓ.க்களுக்கு உரிமம் மறுப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1977இல் பொமோனாவில் புதிய ஆஸ்டியோபதிக் கல்லூரியே வந்துவிட்டது. விழுங்க நினைத்தவர்களே வாழ்வு கொடுத்தார்கள்.

மற்ற கதவுகளும் ஏறத்தாழ அதே காலத்தில் திறந்தன. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேர் வந்தபோது டி.ஓ.க்களையும் அவர்களுடைய மருத்துவமனைகளையும் அரசு ஏற்றுக்கொண்டது. வியட்நாம் போருக்கு மருத்துவர்கள் தேவைப்பட்டார்கள்; 1966இல் ராணுவம் முதல் டி.ஓ.வை மருத்துவ அதிகாரியாக எடுத்தது. 1969இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அவர்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அதையொட்டிய ஆண்டுகளில் மிச்சிகனில் அரசுப் பணத்தில் முதல் ஆஸ்டியோபதிக் கல்லூரி எழுந்தது. கலிபோர்னியாவை விட்டால் கடைசி மாநிலமான மிசிசிப்பியும் 1973இல் முழு உரிமம் கொடுத்தது. அறிவியல் வாதத்தால் இந்தக் கதவுகள் திறக்கவில்லை. நாட்டில் மருத்துவர் பற்றாக்குறை. 1996இல் ரொனால்ட் பிளாங்க் என்ற டி.ஓ. அமெரிக்கத் தரைப்படையின் தலைமை மருத்துவரானார். 1966க்கு முன் அதே படை அவர் பட்டத்தை ஏற்றிருக்காது.

பழைய சந்தேகம் முற்றிலும் போய்விட்டதா என்றால், இல்லை. 2020 அக்டோபரில் அதிபர் டிரம்ப் கொரோனாவோடு மருத்துவமனையில் இருந்தபோது, நாள்தோறும் தொலைக்காட்சியில் வந்து பேசிய ஷான் கான்லி ஒரு டி.ஓ. அவர் சொன்ன செய்திகளில் மழுப்பல் இருந்தது, அதை விமர்சிக்கலாம். ஆனால் பலர் விமர்சித்தது பட்டத்தை. அடுத்து வந்த பைடனின் மருத்துவர் கெவின் ஓ'கானரும் டி.ஓ.தான்.

இனி இன்றைய பயிற்சிக்கு வருகிறேன். இரண்டு தரப்பிலும் நான்காண்டு இளங்கலைக்குப் பின் நான்காண்டு மருத்துவக் கல்லூரி. அதன்பின் மூன்று முதல் ஏழாண்டு வரை ரெசிடென்சி எனப்படும் மருத்துவமனைப் பயிற்சி. நுழைவில் ஒரு வேறுபாடு உண்மை: எம்.கேட் தேர்வில் எம்.டி. கல்லூரியில் சேர்பவர்களின் சராசரி 511, 512 அளவில் இருக்கிறது, டி.ஓ. கல்லூரியில் 504 அளவில். பேத்தியைப் பற்றிக் குரலைத் தாழ்த்துபவர்கள் பிடித்துக்கொள்வது இந்த எண்ணைத்தான். நுழைவுத் தேர்வு மதிப்பெண் நல்ல மருத்துவரை உருவாக்குமா என்று நீட் காலத்துத் தமிழ்நாட்டில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டி.ஓ. மாணவர்களுக்கென்று காம்லெக்ஸ் என்ற தனி உரிமத் தேர்வு. ஆனால் பலர் எம்.டி.க்களின் யு.எஸ்.எம்.எல்.ஈ. தேர்வையும் சேர்த்தே எழுதுகிறார்கள். மூளை, தோல், எலும்பு அறுவை போன்ற போட்டி மிகுந்த துறைகளில் ரெசிடென்சி தேர்வுக் குழுக்கள் அதைத்தான் பார்க்கும் என்ற பயம். இரட்டைக் கட்டணம், இரட்டை உறக்கமின்மை. இதை நியாயப்படுத்த எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

பெரிய மாற்றம் ரெசிடென்சியில் நடந்தது. முன்பு இரு தரப்புக்கும் தனித்தனி அங்கீகார அமைப்புகள். 2014இல் ஒப்பந்தம் செய்து, 2020 ஜூனுக்குள் இரண்டையும் ஒரே அமைப்பின்கீழ்க் கொண்டுவந்துவிட்டார்கள். மருத்துவரை மருத்துவராக்குவது கல்லூரியைவிட அந்த ரெசிடென்சிதான். ஒரே வார்டில், ஒரே மூத்த மருத்துவரின்கீழ், ஒரே இரவுப் பணியில் இரு பட்டத்தாரும் தேறுகிறார்கள். ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் ‘மேட்ச்’ முறையின் 2024ஆம் ஆண்டு முடிவில் எம்.டி. இறுதியாண்டு மாணவர்களில் 93.5 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்தது, டி.ஓ. மாணவர்களில் 92.3. நம் ஊரில் எம்.பி.பி.எஸ். முடித்து அங்கே விண்ணப்பிப்பவர்களை உள்ளடக்கிய, அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் 58.5. டி.ஓ. சீட்டைக் குறைவாகப் பேசும் நம்மவர்கள் இந்த மூன்றாவது எண்ணையும் பார்க்கட்டும்.

அப்படியானால் டி.ஓ.வுக்கென்று மிஞ்சியிருப்பது என்ன? கையால் செய்யும் சிகிச்சை. கல்லூரியில் ஏறக்குறைய 200 மணி நேரம் இதற்கு ஒதுக்குகிறார்கள். மூட்டைச் சட்டென்று தள்ளிச் ‘சொடக்கு’ விழச் செய்வது, நோயாளியின் தசையையே எதிர்விசையாக்கி இறுக்கம் தளர்த்துவது, வலிக்கும் புள்ளியைத் தளர்ந்த நிலையில் பிடித்துவைப்பது எனப் பல வகை. இதன் பயன்பற்றி ஆய்வுகள் உண்டு. 1999இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு, முதுகுவலிக்காரர்களை இரண்டாகப் பிரித்து 12 வாரம் பார்த்தது. கைச்சிகிச்சை பெற்றவர்களும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களும் ஒரே அளவு தேறினார்கள். ஆனால் கைச்சிகிச்சைக் குழு வலி மாத்திரை குறைவாகச் சாப்பிட்டது. 2013இல் டெக்சாஸில் 455 பேரிடம் நடந்த ஆய்வில் உண்மைச் சிகிச்சையைப் பாவனைச் சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். வலி 30 விழுக்காடாவது குறைந்தவர்கள் ஒருபுறம் 63 விழுக்காடு, மறுபுறம் 46. பாவனைக்கே 46 என்பதைக் கவனியுங்கள். ஒருவர் பரிவோடு தொடுவதே முதுகுக்கு ஓரளவு ஆறுதலாக இருக்கலாம். 2021இல் பிரான்சில் 400 பேரிடம் நடந்த ஆய்வில் கிடைத்த வேறுபாடு மிகச் சிறியது. நோயாளிக்கு அது உறைக்குமா என்பதே ஐயம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

முதுகுவலிக்கு ஓரளவு பயன், மாத்திரைக்குக் கொஞ்சம் ஓய்வு என்று இதை வைத்துக்கொள்ளலாம். அபின் வகை வலிமருந்துகளால் அமெரிக்கா பட்ட பாட்டை நினைத்தால் அதுவும் சிறிய விஷயமல்ல. ஆனால் மண்டையோட்டு ஆஸ்டியோபதி என்று ஒன்று இருக்கிறது. வில்லியம் சதர்லாண்ட் என்பவர் 1930களில் பரப்பியது. மண்டையோட்டு எலும்புகள் ஒரு தாளத்தில் அசைகின்றன, விரல் நுனியால் அதை உணர்ந்து சரிசெய்யலாம் என்பது கோட்பாடு. ஒரே நோயாளியை இரண்டு பேர் தொட்டு எண்ணினால் தாளம் பொருந்துவதில்லை. இதைச் சோதித்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியது அதைத்தான். இதை இன்னும் பாடமாக வைத்திருப்பது ஆஸ்டியோபதிக் கல்லூரிகளுக்கு அழகல்ல. மருந்துக்காக நிறுவனரையே தாண்டியவர்கள், சதர்லாண்டைத் தாண்டத் தயங்குவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. தனி அடையாளம் என்று காட்ட வேறு எதுவும் இல்லாமல் போய்விடுமோ என்ற அச்சமாக இருக்கலாம். இதில் வேடிக்கை என்னவென்றால், டி.ஓ.க்களிடமே நடத்திய கருத்தறிதல்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கைச்சிகிச்சையை அறவே பயன்படுத்துவதில்லை அல்லது அரிதாகவே பயன்படுத்துகிறார்கள் என்று தெரிகிறது. நேரமில்லை, காப்பீடு சரியாகக் கொடுப்பதில்லை, பழக்கம் விட்டுப்போயிற்று என்பவை காரணங்கள். மயக்க மருந்து நிபுணரும் இதய நிபுணரும் எந்த முதுகைத் தட்டுவார்கள்?

சரி, நோயாளிக்கு யார் கையில் உயிர் பத்திரம்? இதற்கு நேரடி விடை சொல்லும் ஆய்வு 2023இல் வந்தது. அமெரிக்க உள்மருத்துவ இதழான ‘ஆனல்ஸ்’ வெளியிட்டது. 2016 முதல் 2019 வரை, 65 வயதுக்கு மேற்பட்ட மெடிக்கேர் நோயாளிகள் மருத்துவமனையில் சேர்ந்த 3,29,510 நிகழ்வுகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் 77 விழுக்காடு எம்.டி. பார்த்தவை, 23 விழுக்காடு டி.ஓ. பார்த்தவை. ஒரே மருத்துவமனைக்குள் ஒப்பிட்டார்கள் என்பதுதான் இதன் பலம். பெரிய ஊர் எம்.டி.யைச் சிற்றூர் டி.ஓ.வோடு ஒப்பிட்டால் மருத்துவமனையின் வசதி மருத்துவர் கணக்கில் ஏறிவிடும். ஆய்வில் எடுத்துக்கொண்டவர்கள் உள்நோயாளிகளை மட்டுமே பார்க்கும் மருத்துவர்கள், முறைப்பணியில் இருப்பவர்கள். அன்று சேர்ந்த நோயாளி அன்று பணியில் இருப்பவரிடம் போகிறார், பட்டம் பார்த்துப் போவதில்லை. 30 நாளுக்குள் இறப்பு: எம்.டி. 9.4 விழுக்காடு, டி.ஓ. 9.5. மறுபடி சேர்க்கை: 15.7, 15.6. தங்கிய நாள் இருபுறமும் 4.5. கணக்கில் எடுத்த செலவு 1,004 டாலர், 1,003 டாலர். ஒரு டாலர் வித்தியாசம்!

இதை வைத்து முதியோரின் உள்நோய் சிகிச்சையைப் பற்றித்தான் பேச முடியும். அறுவைக்கூடத்துக்கோ குழந்தை மருத்துவத்துக்கோ அப்படியே நீட்ட முடியாது. ஆனாலும் ‘பாதி டாக்டரா’ என்று கேட்ட தந்தைக்கு இது போதும்.

ஓர் எச்சரிக்கை. நான் சொன்னதெல்லாம் அமெரிக்காவில் பயின்ற டி.ஓ.க்களுக்கு மட்டும். ஸ்டில்லின் மாணவர் ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான் லண்டனுக்குக் கொண்டுபோன ஆஸ்டியோபதி வேறு பாதையில் வளர்ந்தது. பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுபெற்ற ஆஸ்டியோபத், கையால் சிகிச்சை செய்பவர். மருத்துவர் அல்லர், மருந்து எழுத முடியாது. ஆஸ்திரேலியாவிலும் அப்படியே. லண்டனில் இருக்கும் மருமகனும் நியூஜெர்சியில் இருக்கும் மகளும் ‘ஆஸ்டியோபதி டாக்டரைப் பார்த்தேன்’ என்று சொன்னால் இருவரும் பார்த்தது ஒரே வகை ஆளை அல்ல.

இரண்டு பட்டத்தாருக்கும் இடையே எஞ்சியிருக்கும் உண்மையான வேறுபாடு, அவர்கள் எங்கே போய் உட்காருகிறார்கள் என்பதில் இருக்கிறது. டி.ஓ.க்களில் பாதிக்கு மேல் குடும்ப மருத்துவம், பொது உள்மருத்துவம், குழந்தை மருத்துவம் ஆகியவற்றில் இருக்கிறார்கள், எம்.டி.க்களில் அந்த விகிதம் குறைவு. கென்டக்கியின் பைக்வில், டென்னசியின் ஹாரோகேட் போன்ற மலையடிவாரச் சிற்றூர்களில் கல்லூரி தொடங்கியவர்கள் ஆஸ்டியோபதிக்காரர்கள். சுரங்கத் தொழிலாளியின் மகன் அங்கே படித்து அங்கேயே தங்க வாய்ப்பு உண்டு.

இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது, இன்று டி.ஓ. கல்வியைப் பற்றி யாராவது கவலைப்பட வேண்டுமென்றால் கவலை இங்கேதான் இருக்க வேண்டும். இந்தக் கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியாருடையவை. ஆண்டுக் கட்டணம் பல இடங்களில் 50,000 டாலருக்கு மேல். சொந்த மருத்துவமனை இல்லாதவை பல. மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர் பல ஊர்களின் மருத்துவமனைகளுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்து பயிற்சி பெறுகிறார். சில இடங்களில் அருமையான ஆசிரியர் வாய்ப்பார், சில இடங்களில் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும். 2008இல் கொலராடோவில் ஒரு டி.ஓ. கல்லூரி இலாப நோக்கோடே முதல் வகுப்பைத் தொடங்கியது. புதிய கல்லூரிகள் ஆண்டுதோறும் முளைக்கின்றன. கற்பிக்க நோயாளிகள் இருக்கிறார்களா என்று ஃபிளெக்ஸ்னர் 1910இல் கேட்ட கேள்வி இன்னும் பழசாகவில்லை. பேத்திக்கு இரண்டு டி.ஓ. கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தால், எம்.டி. கிடைக்கவில்லையே என்று வருந்துவதை விட்டுவிட்டு, மூன்றாம் ஆண்டில் எந்த மருத்துவமனையில், எத்தனை கட்டில்களுக்கு நடுவே நிறுத்துவீர்கள் என்று அந்த இரண்டு கல்லூரிகளுக்கும் எழுதிக் கேளுங்கள்.